ஹொக்காய்டோ குளிருக்கு எந்த உடுப்பு, எத்தனை அடுக்கு?

டிசம்பர் கடைசி வாரத்தில் அம்மா, மனைவி, ஏழு வயது மகன் ஆகியோருடன் ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்காய்டோவில் உள்ள சப்போரோவுக்கும் அசாஹிகாவாவுக்கும் போகவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல தடித்த கோட்டு ஆளுக்கு ஒன்று வாங்கிவிட்டால் போதுமா, உள்ளே எத்தனை அடுக்கு வேண்டும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் 68 வயது அம்மா சேலையைத் தவிர வேறெதுவும் உடுத்தமாட்டார் என்றால் என்ன செய்வது என்பவை உங்கள் கேள்விகள். படிப்புக்காகச் சப்போரோவில் மூன்று குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையிலும், அதன் பிறகு உறவினர் பலரைச் சிங்கப்பூரிலிருந்து அங்கே அழைத்துச் சென்றவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: ஒரே தடித்த கோட்டு போதாது. அதைவிட முக்கியமாக, அது தவறான இடத்தில் பணத்தைப் போடுவதாகும். தமிழில் ஆறு பருவங்களைப் பிரித்துக் கூதிர், முன்பனி, பின்பனி என்று குளிருக்கு மட்டும் மூன்று பெயர் வைத்திருந்தாலும், சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு அந்த மூன்றில் ஒன்றுகூட உடம்பால் தெரியாது. 2018 ஜனவரியில் தொடர்மழையால் வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி இறங்கியபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. ஆகவே குளிர் என்றவுடன் நம் மனம் குளிரூட்டப்பட்ட அறையை நினைத்துக்கொண்டு, ‘இன்னும் தடிப்பாக ஏதாவது மேலே போட்டால் சரி’ என்று முடிவு செய்துவிடுகிறது.

உடுப்பு தானாக வெப்பம் தருவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது உங்கள் உடம்பு. அது வெளியே ஓடிவிடாமல் தடுப்பது உடுப்பின் இழைகளுக்கு நடுவே அசையாமல் அடைபட்டுக் கிடக்கும் காற்று. ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு தூவி (வாத்தின் மென்பஞ்சு) ஜாக்கெட்டும் கதகதப்பாக இருப்பது அந்தக் காற்றினால்தான். இதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் தாமாகவே விளங்கும். இறுக்கமாக உடுத்தினால் காற்றுக்கு இடமில்லை, ஆகவே குளிரும். காற்று வீசினால் அடைபட்ட காற்று கலைந்துபோகும், ஆகவே வெளியே காற்றைத் தடுக்கும் ஒரு துணி வேண்டும். ஈரமானால் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அடுக்கடுக்காக உடுத்துவதன் நோக்கம் இந்த மூன்று வேலைகளையும், அதாவது வியர்வையை வெளியேற்றுவது, காற்றைச் சிறைப்பிடிப்பது, காற்றடியையும் பனியையும் தடுப்பது ஆகியவற்றை, தனித்தனித் துணிகளிடம் ஒப்படைப்பதே.

உள்ளடுக்கைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது அங்கேதான். சிங்கப்பூரில் பருத்திப் பனியன் நமக்கு உற்ற தோழன். பனி நாட்டில் அதுவே எதிரி. பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் விடாது. சப்போரோ நிலையத்திலிருந்து வேகமாக நடந்து வரும்போது முதுகில் வியர்க்கும். பிறகு ட்ராமுக்காகப் பத்து நிமிடம் நிற்கும்போது அந்த ஈரப் பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டு உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஜீன்ஸும் பருத்திதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பருத்திக்குப் பதிலாக இரண்டு தெரிவுகள் உள்ளன. ஒன்று மெரினோ கம்பளி. இதன் இழை 17 முதல் 19 மைக்ரான் வரையிலான மெல்லிய இழை என்பதால், நம் பாட்டி காலத்துக் கம்பளியைப் போலத் தோலை அரிக்காது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரமாக இருப்பதாகத் தோன்றாது. நான்கைந்து நாள் தொடர்ந்து அணிந்தாலும் வாடை வராது. சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ளது மெல்லியது, 250 கிராம் தடித்தது. உங்கள் பயணத்துக்கு 200 கிராம் பொருத்தமாக இருக்கும். மற்றொன்று, 2009இல் தெம்பனீசில் முதல் கடையைத் திறந்த யூனிக்லோ நமக்கு நன்கு பழக்கப்படுத்திவிட்ட ஹீட்டெக் வகையிலான செயற்கை இழைத் தெர்மல். உடம்பிலிருந்து எழும் ஆவியை உறிஞ்சும்போது அதன் ரேயான் இழை சற்றுச் சூடாகும் என்பது உண்மை. நகரில் சுற்றுவதற்கு அது போதும். ஆனால் பனிச்சறுக்குப் போன்று மிகுதியாக வியர்க்கும் வேலைக்கு ரேயான் உகந்ததன்று, ஏனெனில் அது உறிஞ்சிய வியர்வையை மெதுவாகத்தான் விடும். அதற்கு முழுப் பாலியஸ்டரோ மெரினோவோ மேல். எதை வாங்கினாலும் தோலோடு ஒட்டியிருக்கும் இந்த ஒரே அடுக்கு மட்டும் உடம்பைக் கவ்வினாற்போல் இருக்கலாம். அதற்கு மேல் வருபவை ஒவ்வொன்றும் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும்.

நடு அடுக்குக்கு, பஞ்சுபோன்ற செயற்கை இழைத் துணியான ஃபிளீஸில் தைத்த சட்டையோ கம்பளி ஸ்வெட்டரோ போதும். ஃபிளீஸ் ஈரமானாலும் விரைவில் உலர்ந்துவிடும், எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் அதற்குள் காற்று புகுந்து வெளியேறும் என்பதால் தனியாக அணிந்து வெளியே போனால் பயனில்லை. நடு அடுக்கை முன்பக்கம் முழுதும் ஜிப்பு உள்ளதாக வாங்குங்கள். ஹொக்காய்டோவில் கடை, ரயில், உணவகம் எல்லாவற்றிலும் உள்ளே 20 டிகிரிக்கு மேல் சூடேற்றி வைத்திருப்பார்கள். ஒரு நாளில் பதினைந்து முறையாவது உள்ளேயும் வெளியேயும் போய் வருவீர்கள். தலைவழியாகக் கழற்ற வேண்டிய ஸ்வெட்டரைக் குழந்தையும் வயதானவரும் ஒவ்வொரு முறையும் கழற்றமாட்டார்கள். உள்ளேயே வியர்த்துப் போய், அந்த ஈரத்தோடு வெளியே வருவார்கள். குளிர் நாட்டில் நம்மவர்கள் நடுங்குவதற்குக் காரணம், பெரும்பாலும், உடுப்பு குறைந்ததைவிட உள்ளே இருக்கும்போது அதைக் கழற்றாததுதான்.

மேலடுக்கைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையச் சொல்வார்கள். தூவி, அதாவது வாத்தின் மார்புப் பகுதியில் இறகுக்கு அடியில் இருக்கும் மென்பஞ்சு, எடைக்கு எடை பார்த்தால் இன்றும் மிகச் சிறந்த காப்பு. ஜாக்கெட்டில் 600, 700, 800 என்று எழுதியிருக்கும் ஃபில் பவர் எண், ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதைக் காட்டுகிறது. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 800 எண் கொண்ட தூவி 50 கிராம் மட்டும் உள்ள ஜாக்கெட்டைவிட, 600 எண் கொண்ட தூவி 200 கிராம் உள்ளது நிச்சயமாகக் கதகதப்பாக இருக்கும். உள்ளே எவ்வளவு கிராம் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் ஜாக்கெட்டைக் கையால் அமுக்கி விட்டுப் பாருங்கள், எவ்வளவு உயரத்துக்கு எழுகிறது என்பதே பதில்.

தூவியின் ஒரே பலவீனம் ஈரம். நனைந்தால் கட்டிகட்டியாகச் சுருண்டு காப்பை இழந்துவிடும். டிசம்பர் கடைசியில் சப்போரோவின் பகல் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அந்த நிலையில் தோளில் விழும் பனி, நீங்கள் ஒரு கடைக்குள் நுழைந்த சில நிமிடங்களில் உருகித் துணிக்குள் இறங்கும். ஆகவே வாசலிலேயே பனியைத் தட்டிவிட்டு நுழைவதை அங்குள்ளவர்கள் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். என் பரிந்துரை, ஒரே கனத்த தூவிக் கோட்டுக்குப் பதிலாக, மெல்லிய தூவி ஜாக்கெட் ஒன்றும், அதன் மேல் போட நீர்புகாத, தலைமூடியுள்ள, தொடைவரை நீண்ட வெளி ஜாக்கெட் ஒன்றும் வாங்குவது. இரண்டையும் சேர்த்தால் அசாஹிகாவாவுக்கு ஆகும். வெளி ஜாக்கெட் மட்டும் பிறகு மெல்பர்ன் மழைக்கும் லண்டன் காற்றுக்கும் உதவும்.

அசாஹிகாவாவைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. ஜப்பானில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 41 டிகிரி, 1902 ஜனவரி 25இல் அந்த ஊரில்தான் பதிவானது. இப்போது அவ்வளவு இறங்காது என்றாலும் இரவில் மைனஸ் 10 அங்கே சாதாரணம். நீங்கள் பார்க்கப்போகும் அசாஹியாமா விலங்குத் தோட்டத்தில் பென்குயின்கள் நடந்து வருவதைக் காண, நல்ல இடம் பிடித்துக்கொண்டு பலர் நெடுநேரம் காத்திருப்பார்கள். நடக்கும்போது உடம்பு, சும்மா இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். நிற்கும்போது அந்தக் கூடுதல் வெப்பம் நின்றுவிடும். உங்கள் பயணத்தில் மிகவும் குளிரக்கூடிய நேரம் அந்தக் காத்திருப்பே. அங்கே போய் நிற்கும் முன்பே, குளிரத் தொடங்கும் முன்பே, மெல்லிய தூவி ஜாக்கெட்டை உள்ளே போட்டுவிடுங்கள். காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 12 போல உறைக்கும். கடலோர ஊரான ஒத்தாருவுக்குப் போனால் இதை உணர்வீர்கள்.

கால்களைப் பற்றி எச்சரிக்கையாகவே எழுதுகிறேன், ஏனெனில் என் அனுபவம் அத்தகையது. சப்போரோவில் வாங்கிய நல்ல பனிக்கால பூட்ஸை நாடு திரும்பியதும் துடைத்து, எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாமான் அறையில் பெட்டியோடு வைத்தேன். ஏழு ஆண்டுகள் கழித்து அதை அணிந்துகொண்டு மறுபடியும் அங்கே போனேன். வெளித்தோற்றத்தில் புதிதுபோலவே இருந்தது. ஓதோரி பூங்காவைக் கடப்பதற்குள் வலது காலின் அடிப்பகுதி ஈரக் கேக்கைப்போல் பொடிந்து உதிர ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் காலுறை பனியில் பட்டது. பூட்ஸின் அடிப்பகுதியில் உள்ள பாலியூரித்தேன், காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைந்துவிடும். நம் ஊரின் ஈரப்பதத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும், அணியாமல் வைத்திருந்தாலும் நடக்கும். ஆகவே உறவினரிடம் பூட்ஸ் கடன் வாங்கினாலோ, கரோசெல் விற்பனைச் செயலியில் பழையதை வாங்கினாலோ, அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் வேண்டாம். ஜாக்கெட்டைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. காலணியைப் புதிதாகவே வாங்குங்கள்.

வாங்கும்போது அங்கே அணியப்போகும் தடித்த காலுறையைக் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். உள்ளே விரல்களை ஆட்ட முடிய வேண்டும். கால் குளிர்கிறது என்று இரண்டு காலுறைகளைத் திணித்து இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். ஒரே ஒரு நல்ல கம்பளிக் காலுறை போதும். மிதிபட்டு உறைந்த பனி கண்ணாடிபோல் வழுக்கும் என்பதால், பூட்ஸின் மேல் மாட்டும் முள்பட்டைகளை அங்குள்ள கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவுக்கு அதைக் கட்டாயம் மாட்டிவிடுங்கள். சப்போரோ நிலையத்திலிருந்து ஓதோரி வரை 2011இல் திறக்கப்பட்ட நிலத்தடி நடைபாதை இருக்கிறது. அவரோடு போகும்போது மேலே நடக்காமல் அதையே பயன்படுத்துங்கள்.

இனி அம்மாவைப் பற்றி. என் அம்மாவும் சேலைதான் கட்டுவார். ஒரு பிப்ரவரியில் என்னைப் பார்க்க வந்தபோது, உள்ளே தெர்மல் எல்லாம் போட்டுவிட்டு மேலே வழக்கம்போல் பருத்தி உள்பாவாடையும் சேலையும் கட்டிக்கொண்டார். கணுக்காலளவு பனியில் நடந்தோம். சேலையின் கரையில் ஒட்டிய பனி ஒரு தேநீர்க் கடைக்குள் உருகியது. மறுபடி வெளியே வந்த சிறிது நேரத்தில் அந்தக் கரை அட்டைபோல் விறைத்து, நடக்க நடக்கக் கணுக்காலில் உரசியது. உள்பாவாடை நனைந்து காலோடு ஒட்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. விடுதிக்கு வந்து பார்த்தபோது இரண்டு கால்களும் வெளுத்துச் சில்லென்று இருந்தன. அன்று நான் அடைந்த கலக்கம் உங்களுக்கு வர வேண்டாம்.

ஆகவே அவரிடம் மரியாதையாகவும் முன்கூட்டியும் பேசிப் பாருங்கள். வெளியே போகும்போது சல்வார், அதன் உள்ளே தெர்மல் கால்சட்டை, மேலே முழங்காலைத் தாண்டும் நீளக் கோட்டு என்பதே சிறந்தது. சேலை இல்லாமல் முடியாது என்றால், பருத்தி உள்பாவாடையை அறவே விட்டுவிட்டு, தெர்மல் கால்சட்டைக்கு மேல் ஒரு ஃபிளீஸ் கால்சட்டை போட்டு, அதன் இடுப்புப் பட்டையிலேயே சேலையைச் செருகச் சொல்லுங்கள். இரவிக்கைக்குப் பதிலாகக் கழுத்துவரை மூடும் முழுக்கை மெரினோச் சட்டை இருக்கட்டும். கரை பூட்ஸின் மேல்விளிம்புக்குக் கீழே வராமல் சேலையை உயர்த்திக் கட்ட வேண்டும். நனைந்தாலும் விரைவில் உலரும் பாலியஸ்டர் சேலையே இதற்கு ஏற்றது. பட்டுச் சேலையை விடுதியில் உணவுக்குப் போகும்போது கட்டிக்கொள்ளலாம்.

நீரிழிவு இருப்பதால் இரண்டு செய்திகளைத் தவறாமல் மனத்தில் வையுங்கள். அங்கே எங்கும் கிடைக்கும் கைரோ எனப்படும் சூட்டுப் பொட்டலங்களில் இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து சூடாகும்; சில 60 டிகிரியையும் தொடும். 44 டிகிரிச் சூடுகூட ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் தோலில் பட்டுக்கொண்டிருந்தால் புண்ணாக்கிவிடும். நீண்ட நாள் நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவதே அவருக்குத் தெரியாது. ஆகவே கைரோவை உடுப்பின் மேல், இடுப்புக்குப் பின்புறம் மட்டும் ஒட்டுங்கள். அவர் காலில் வேண்டாம், உறங்கும்போது எங்குமே வேண்டாம். ஒவ்வொரு மாலையும் அவர் பாதங்களை நீங்களே பாருங்கள். இரண்டாவது, இன்சுலின் உறைந்தால் பயனற்றுப்போகும். அதை வெளிக் கோட்டின் பையிலோ தோள்பையிலோ வைக்காமல், ஃபிளீஸின் உள்பையில், உடம்புக்கு அருகில், ஆனால் கைரோவைத் தொடாமல் வைக்க வேண்டும். விமானத்திலும் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

மகனுக்கு அடுத்த ஆண்டும் உதவட்டும் என்று பெரிய அளவில் கோட்டு வாங்காதீர்கள். கழுத்திலும் இடுப்பிலும் இடைவெளி விழுந்து சூடான காற்றெல்லாம் வெளியேறிவிடும். குழந்தைகள் பனியில் உட்காருவார்கள், உருளுவார்கள் என்பதால், அவனுக்கு விலையுயர்ந்த கோட்டைவிட நீர்புகாத கால்சட்டையே முக்கியம். விரல்கள் தனித்தனியாக உள்ள கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் கதகதப்பானது. நீர்புகாததாக இரண்டு சோடி வேண்டும், ஒன்று நனைந்து காயும்போது மற்றது. அவன் குளிரில் இருக்கிறானா என்று அறியக் கையைத் தொடாதீர்கள். பிடரியில் விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஓர் அடுக்கு கூட்டுங்கள், ஈரமாக இருந்தால் ஒன்றைக் குறையுங்கள். வாடகைக் காரில் போவதானால், உப்பிய கோட்டோடு இருக்கைவாரைப் பூட்டக் கூடாது. மோதினால் கோட்டு அமுங்கி வார் தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றி, வாரைப் பூட்டிய பிறகு மேலே போர்த்துங்கள்.

தலைக்குக் காதை மூடும் கம்பளிக் குல்லா, கழுத்துக்கு நுனி தொங்காத வளையத் துணி. உடல் வெப்பத்தில் பாதி தலைவழியாகவே போகிறது என்று சொல்வது மிகை. தலையின் பரப்பளவுக்கு ஏற்ப ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போகும். ஆயினும் காது மிக விரைவில் வலியெடுக்கும் உறுப்பு.

எங்கே வாங்குவது என்றால், தெர்மலுக்கும் மெல்லிய தூவிக்கும் யூனிக்லோ, மகனின் நீர்புகாத கால்சட்டைக்கும் பூட்ஸுக்கும் டெக்கத்லான், அம்மாவின் சால்வைக்குத் தேக்கா முஸ்தஃபா. நவம்பர் பள்ளி விடுமுறை தொடங்கினால் குழந்தைகளின் அளவுகள் முதலில் தீர்ந்துவிடும், ஆகவே அக்டோபரிலேயே போய்விடுங்கள். கடையில் எல்லா அடுக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிப் பாருங்கள்; இடுப்பு திறந்துகொண்டால் அந்தச் சட்டை நீளம் போதவில்லை. குளிரூட்டி இருந்தாலும் வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கனத்த பூட்ஸையும் வெளி ஜாக்கெட்டையும் பெட்டியில் அடைக்காமல் சாங்கி விமான நிலையத்திலிருந்தே கையில் எடுத்துச் சென்றால் பெட்டியின் எடையும் குறையும், இறங்கியவுடனும் உதவும்.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் துவைத்து, தூவி ஜாக்கெட்டின் உட்புறம் வரை முற்றிலும் உலர்ந்துவிட்டதா என்று பார்த்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வையுங்கள். தூவியைக் காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பையில் ஆண்டுக்கணக்கில் அடைத்தால் மறுபடி விரியாது. தளர்வாகப் படுக்க வையுங்கள். அந்தப் பொட்டலங்களை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.